காதர் பாய் வீட்டுக் கதவின் நிறம்

1

சென்ற மாதம் என் அத்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அத்தா மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. உயிரோடு இருந்தபோது அவர் செங்கல்பட்டை விட்டுப் போன அதிக தூரம் வேலூர்தான். ஆனாலும் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தில் அவருக்குத் தபால் வந்துகொண்டேதான் இருக்கிறது. மின்கட்டணம், பல் மருத்துவரின் நினைவூட்டல், நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லும் எச்சரிக்கை, எல்லாமே 'மதிப்பிற்குரிய காதர்' என்றுதான் ஆரம்பிக்கும்.

கல்யாணமாகி நான் இங்கே வருவதற்காக பாஸ்போர்ட் எடுத்த நாளில், குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்து வீடே முழித்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று யாரோ பயமுறுத்த, அத்தாவின் பெயரை எழுதினோம். அன்றிலிருந்து இங்குள்ள அலுவலகங்களுக்கு நான் சபுரா இல்லை, காதர். வந்த புதிதில் ஒரு கவுண்டரில் நின்று, அது என் அப்பாவின் பெயர், என்னுடையது இல்லை என்று தெரிந்த நாலு நார்வேஜிய வார்த்தைகளை வைத்துச் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "புரிகிறது, திருமதி காதர்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து. எல்லா வீட்டு வாசல் கதவுகளுக்கும் புதிதாக ஒரே சாம்பல் நிறம் அடிக்கப் போகிறார்களாம். நிறத்துக்கு ஒரு எண் போட்டிருந்தது. யாரும் தன் இஷ்டத்துக்கு வேறு நிறம் அடிக்கக்கூடாது, ஆட்சேபணை இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்று கீழே இருந்தது.

வாழ்நாள் முழுக்க செங்கல்பட்டு பஜாரில் பெயிண்ட் விற்ற மனுஷனுக்கு இப்படி ஒரு கடிதம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை என்பது உறைத்தது.

2

என் வீட்டுக்காரர் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை பார்த்தார். அவர் போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும். மகள் ரிஸ்வானா ஆஸ்லோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவளுடைய தமிழ் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ். பொருள் எது பழுதானாலும் அவளுக்கு அது உடம்பு சரியில்லாததுதான். "அம்மா, என் வாஷிங் மெஷினுக்கு உடம்பு சரியில்ல" என்பாள். சின்ன வயதில் திருத்தினேன். இப்போது திருத்துவதில்லை. திருத்தினால் பேச்சு நார்வேஜியத்துக்கு மாறிவிடும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வெள்ளை விரிப்பு, வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை. வெளியே வந்தால் மழை. பெர்கனில் வெயில் அடித்தால் ஜனங்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். நார்வேஜிய மொழியில் எனக்குத் தெரிந்த நிறங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். தமிழில் கேளுங்கள், கத்தரிப்பூ, வெங்காயத்தோல், கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, பொடி கலர் என்று அடுக்குவேன். பெயிண்ட் கடைக்காரர் மகள் இல்லையா? இவ்வளவையும் வைத்துக்கொண்டு இங்கே யாரிடம் போய் என்ன சொல்ல?

இப்படித் தனியாக இருந்த சமயத்தில்தான் செங்கல்பட்டின் பழைய படங்களைப் பகிரும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்துபவர் ஏழுமலை அண்ணன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர், இப்போது அணுபுரத்தில் இருக்கிறார். மூடிப்போன ஸ்டுடியோக்களின் நெகட்டிவ், கல்யாண ஆல்பம், மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்ற பழைய போஸ்ட் கார்டு என்று எங்கிருந்தாவது பிடித்து வந்து போடுவார். எல்லாம் கருப்பு வெள்ளை. ஒருநாள் சும்மா கை அரித்து, ரயில்வே ஸ்டேஷன் வாசல் படம் ஒன்றுக்கு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் அனுப்பிய குரல் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

"தங்கச்சி, இன்னா வேல பண்ணி வெச்சிகீறே! நான் பாட்டுக்கு டீ குடிச்சிகினு தொறந்தேன், அப்டியே ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற மாரி ஆயிடுச்சி. இனிமே எல்லா படமும் உனக்குதான். ஒண்ணே ஒண்ணு. கொடி எங்கனா இருந்தா அதுக்கு மட்டும் கலர் அடிக்காத. குரூப்பு ரெண்டா பூடும்."

அந்த ஒரு விதியை இன்றுவரை மீறியதில்லை. எங்கள் ஊர்ப் படங்களில் எல்லாம் கலராக இருக்கும், கொடி மட்டும் கருப்பு வெள்ளையில் பறக்கும்.

3

முதல் தப்பு தெரியாமல் நடந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு படத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பச்சை அடித்துவிட்டேன். அவ்வளவுதான். அதுவரை கும்பிடு பொம்மையும் பூங்கொத்தும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அது சிவப்பு பஸ், பச்சை பின்னால் வந்தது என்று ஒருவர். இல்லவே இல்லை, திருக்கழுக்குன்றம் பஸ் ஆரம்பத்திலிருந்தே பச்சை என்று இன்னொருவர். அந்த பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டது, கண்டக்டர் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தது, கூடுவாஞ்சேரி வரை படிக்கட்டில் தொங்கியது எல்லாம் வந்தது. வேலையில் விரிப்பு மடிக்கும்போதும் பையில் போன் உறுமிக்கொண்டே இருந்தது. நான் அந்த நாட்களில் பெர்கனில் இல்லை.

பிறகு பஸ்ஸைச் சிவப்பாக்கித் திருத்தி அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடங்கிப் போனார்கள்.

எனக்குப் புரிந்துபோனது. சரியாக அடித்தால் பாராட்டுவார்கள். தப்பாக அடித்தால்தான் பேசுவார்கள். அதன்பிறகு படத்துக்கு ஒரு தப்பு வேண்டுமென்றே வைக்க ஆரம்பித்தேன். கொளவாய் ஏரியைக் கிளிப்பச்சையாக்கினேன், திட்டு விழுந்தது. மாமல்லபுரம் போஸ்ட் கார்டு ஒன்றில் கடற்கரைக் கோயிலைச் செங்கல் நிறமாக்கினேன். "இன்னாம்மா, கோயில சூளையில வெச்சி சுட்டியா?" என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்தக் குழுவில் என் தம்பி அன்வரும் இருக்கிறான். அவன் மட்டும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. நான் அனுப்பிய படத்தை அழுத்திப் பிடித்தால் யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் வரும். எப்போதும் முதல் பெயர்களில் அவன் பெயர் இருக்கும். பார்த்திருப்பான். பேசமாட்டான்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால்கூடப் பரவாயில்லை, அதைப் பற்றிப் பேசலாம். அத்தாவும் அம்மாவும் போன பிறகு பஜார் தெரு வீட்டை விற்க முடிவு செய்தோம். எனக்கும் சம்மதம்தான். கையெழுத்து அதிகாரம் கொடுக்க, பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து ஆஸ்லோவில் உள்ள தூதரகத்துக்குப் போனேன். காதர் யார், சபுரா யார் என்று அங்கேயும் கேட்டார்கள். இன்னொரு தாளில் இன்னொரு முத்திரை, மறுபடியும் ஒரு ரயில் பயணம். அந்தக் காலத்தில் தினமும் தம்பியோடு பேசினேன். பத்திரம் பதிவானது. அதற்குப் பிறகு பேச விஷயம் இல்லாமல் போனது. அவன் கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடி போய்விட்டான். சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகளுக்குக் கார் அனுப்பும் தொழில். பெருநாளைக்குப் பெருநாள் 'ஈத் முபாரக்' என்று பிறை போட்ட படம் வரும். அதே படத்தை நூறு பேருக்கு அனுப்பியிருப்பான். நானும் அப்படி ஒன்றைத் திருப்பி அனுப்புவேன்.

அவனிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்றுதான் நான் ஒவ்வொரு படத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் திட்டியதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நான் காத்திருந்தது அவனுக்கு.

4

எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

பஜார் தெருவில் முன்னால் கடை, பக்கத்துச் சந்தின் ஓரமாக வீட்டு வாசல். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிக்கச் சின்ன டப்பா வாங்க உழவர்கள் வருவார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் கொக்கிலமேட்டிலிருந்தும் படகுக்குப் பெயிண்ட் வாங்க வருவார்கள். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கதவுக்கும் ஜன்னலுக்கும் கேட்பது பிரவுன். அதனால் எங்கள் கடையில் பிரவுன் மிஞ்சியதே கிடையாது. மிஞ்சுவதெல்லாம் யாரோ ஆசைப்பட்டுக் கேட்டு வாங்காமல் போன ரோஸ், ஊதா, நசுங்கிய டப்பாவில் பாதி மஞ்சள் இப்படித்தான்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அத்தா அந்த மிச்சங்களை எல்லாம் எடுத்து, மேலே படிந்த ஆடையை நீக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்குவார். என்ன நிறம் வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக் கதவு. ஒரு வருடம் வந்த நிறம் மறு வருடம் வராது. எந்தக் கம்பெனி அட்டையிலும் அந்த நிறம் இருக்காது. தெருவில் போகிறவர்கள், "பாய், இந்த வருசம் இன்னா கலரு இது?" என்று நின்று கேட்பார்கள். அத்தா, "என்னைக் கேக்காதீங்க, புள்ளைங்கள கேளுங்க" என்பார்.

ஏனென்றால் பெயர் வைப்பது எங்கள் வேலை. எனக்கும் அன்வருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, பெயிண்ட் காய்வதற்குள் வைத்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்துகொண்டு அடித்துக்கொள்வோம். 'ஜுர மருந்து' ஒரு வருடம். 'ஹெட்மாஸ்டர் மூஞ்சி' ஒரு வருடம். ஒரு தடவை வந்தது ஒன்றும் சொல்ல முடியாத நிறம். அதற்கு அவன் 'நேத்து வெச்ச சாம்பார்' என்று பெயர் வைத்தான். அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

நான் இங்கே வந்த பிறகு பெர்கன் துறைமுகத்து மர வீடுகள் அச்சடித்த போஸ்ட் கார்டுகளை அனுப்புவேன். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிசையாக நிற்கும் வீடுகள். அத்தா அவற்றைக் கடையில் கலர் அட்டைக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தாராம். அவர் எழுதும் பதிலில் நலம் விசாரிப்பு ஒரு வரி இருக்கும். மீதியெல்லாம், மூன்றாவது வீட்டு மஞ்சளுக்கு அங்கே என்ன பெயர், வெயிலுக்கு வெளுக்குமா என்ற கேள்விதான்.

5

அத்தாவுக்குக் கடிதம் வந்த அதே வாரம், ஏழுமலை அண்ணன் ஒரு படம் போட்டார். அடைமழையில் எங்கள் பஜார் தெரு. முழங்கால் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் ஆட்கள், ஒரு குடை, ஒரு கைவண்டி. படத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. கதவு மூடியிருக்கிறது. படிமேல் யாருடைய சைக்கிளோ சாத்தியிருக்கிறது. பக்கத்து ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளை.

அந்த வெள்ளையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. தலையில் முக்காடு மட்டும் தெரிந்தது. அது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மழை பெய்தால் நான் அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டேன். இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் நிறம் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு படத்தில் தானும் இருக்கிறோம் என்ற சந்தோஷம்.

ரிஸ்வானாவிடம் சொன்னேன். படத்தை அனுப்பச் சொன்னாள். போனை வைப்பதற்குள் அது கலராகித் திரும்பி வந்தது. "அம்மா, ஆப்ல போட்டேன். ரெண்டு செகண்ட். நீ ஏன் கண்ணு வலிக்க பண்றே?" என்றாள். நல்லெண்ணத்தில்தான் செய்தாள். தண்ணீர் காப்பி நிறம், ஆட்கள் எல்லோரும் ஒரே இளஞ்சிவப்பு, எங்கள் கதவு பிரவுன்.

அந்தப் பிரவுனைப் பார்த்ததும்தான் யோசனை வந்தது. மற்ற எல்லாவற்றையும் நானே கவனமாக, சரியாக அடித்தேன். மழைத் தண்ணீருக்குச் செம்மண் நிறம், குடைக்குக் கருப்பு, ஜன்னலில் இருந்த எனக்கு நல்ல வெள்ளை முக்காடு. கதவை மட்டும் பிரவுனாக விட்டுக் குழுவில் போட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஊரில் யாருக்கும் அது தப்பாகத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

அருமை என்றார்கள். அற்புதம் என்றார்கள். யாரும் திருத்தவில்லை. அழுத்திப் பார்த்தேன். அன்வர் பார்த்திருந்தான். அன்றைக்கும் ஒன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. அவனும் மறந்துவிட்டான் என்றால், அப்படி ஒரு கதவு இருந்ததற்கு என்னைத் தவிர ஆளில்லை. நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று பயமாக இருந்தது.

6

சலவைப் பிரிவில் சாப்பாட்டு இடைவேளை. விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அன்வர்.

"ஸலாம்க்கா."

யாருக்கு என்ன ஆனதோ என்று எழுந்துவிட்டேன். "என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இன்னாக்கா நீ, கதவுக்கு பிரவுன் அடிச்சி வெச்சிகீறே? நம்ம கடையில பிரவுன் என்னிக்குக்கா மிஞ்சிச்சி?"

தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டேன். அவனே தொடர்ந்தான்.

"ரெண்டு நாளா பாத்துகினே கீறேன். சொல்லலாமா வேணாமான்னு. வேற எதுனா தப்புன்னா சொல்ல மாட்டேன். நீ வேணும்னேதான் தப்பு தப்பா போடறேன்னு எனக்கு தெரியும். கொளவாய் ஏரிய பாத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"சொல்லிட்டா நீ திருத்திடுவே. ஜனங்க பேசறத நிறுத்திடுவாங்க. நானும் அதத்தான் படிச்சிகினு கீறேன், டெய்லி."

அவன் பக்கம் யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, அது எந்த வருஷத்துக் கதவுடா? ஜுர மருந்தா, ஹெட்மாஸ்டரா? நான் ஜன்னல்ல நிக்கிறேன் பாரு."

"அது நீ இல்லக்கா."

"நான்தான்டா. முக்காட பாரு."

"அந்த சைக்கிள பாரு. கேரியர்ல பெயிண்ட் டப்பா கட்டிகீது பாரு. அது என் சைக்கிளு. நீ கல்யாணம் ஆயி போன வருசம்தான் அத்தா வாங்கி குடுத்தாரு, அடுத்த வருசமே களவு பூடுச்சி. ஜன்னல்ல கீறது அம்மா. நீ போனப்பறம் அம்மா அங்கதான் நிப்பாங்க, போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு. மழை பேஞ்சாலும் நிப்பாங்க. போஸ்ட் கார்டு வரும்னு."

வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். துவைத்த துணிதான், மறுபடி துவைக்க வேண்டியதாகிவிட்டது. நான்தான் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது எனக்காக நின்றுகொண்டிருந்த என் அம்மாவை. அந்தப் படத்தில் நான் இல்லை. நான் இல்லாததுதான் அந்தப் படத்தில் இருக்கிறது.

"அப்ப கதவு?" என்று கேட்டேன். "அந்த வருஷம் என்ன கலர்?"

"தெரியலக்கா."

"யோசிச்சுப் பாருடா. பெருநாளைக்கு அத்தா கலக்கினாரு இல்ல?"

"கலக்குனாரு. அடிச்சாரு. கூப்டாரு, டேய் வாடா, பேரு வெய்யின்னு. நான் போயி வாசல்ல குந்தினேன். தனியா எப்டிக்கா பேரு வெக்கறது? சண்ட போட ஆளு வேணாவா? அப்டியே பாத்துகினு இருந்தேன், காஞ்சிடுச்சி. பேரு வெச்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"அடுத்த வருசம் அத்தா கலக்கல. பிரவுன் அடிச்சிட்டாரு. புது டப்பா ஒடச்சி."

இது எனக்குத் தெரியாது. பிற்பாடு ஊருக்குப் போனபோது பார்த்த பிரவுன் கதவை அத்தாவுக்கு வயதானதால் என்று நினைத்திருந்தேன், நான் போனதுமே தொடங்கியது என்று யாரும் எனக்கு எழுதியதில்லை.

7

சங்கத்துக்குப் பதில் எழுதினேன். சாம்பல் நிறத்துக்கு ஆட்சேபணை இல்லை, இப்படிக்கு காதர். பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். கையில் ரோலர், ஒரே டப்பா, கலக்குவதற்கு ஒன்றுமில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கதவு காயும்வரை தொடக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனான். நான் உள்ளே நின்றுகொண்டு அது காய்வதற்காகக் காத்திருந்தேன்.

அன்று மாலை பஜார் தெருப் படத்தை மறுபடி எடுத்தேன். செம்மண் தண்ணீரை அப்படியே விட்டேன். ஜன்னலில் இருந்த வெள்ளையில் கை வைக்கவில்லை. சைக்கிள் கேரியரில் அன்வர் காட்டிய பெயிண்ட் டப்பாவுக்கு மட்டும் நீலம் கொடுத்தேன். பிறகு கதவிலிருந்த பிரவுனை முழுக்க அழித்தேன். அடியிலிருந்து பழைய கருப்பு வெள்ளை வந்தது. அப்படியே குழுவில் போட்டேன்.

சிறிது நேரத்தில் ஏழுமலை அண்ணன் எழுதினார். "சூப்பர் தங்கச்சி. ஆனா உங்க வூட்டு கதவ மட்டும் விட்டுட்டியே. அடிக்க மறந்துட்டியா?"

என்ன பதில் சொல்வது என்று தட்டிக்கொண்டிருந்தேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். அதற்குள் அவர் கேள்விக்குக் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத என் தம்பி எழுதியிருந்தான்.

"மறக்கல அண்ணே. அந்த வருசம் எங்க அக்கா வூட்ல இல்ல."